பெயர் அறியாப் பெரியோர்: மதுரை மிஷனின் உபதேசியார்கள்



ஜூபிலி கொண்டாடும் வேளையில், ஆலயம் எழுப்பிய குருக்களையும் நன்கொடை ஈந்த வள்ளல்களையும் நன்றியோடு நினைவுகூர்வது நமது வழக்கம். அது முறையே. ஆயினும், மதுரைச் சீமையில் விசுவாசம் வேரூன்றிய வரலாற்றைப் புரட்டுவோமாயின், கல்வெட்டில் பெயர் பொறிக்கப்படாத ஒரு கூட்டத்தாரை அங்கே காண்கிறோம். அவர்கள்தாம் உபதேசியார்கள்.

1595 முதல் மதுரையில் கொன்சாலோ பெர்னாண்டஸ் சுவாமியார், முத்துக்குளித்துறையைச் சேர்ந்த பரதவக் கிறிஸ்தவர்களுக்குப் பணியாற்றி வந்தார். 1606-இல் தத்துவ போதகராகிய ராபர்ட் தெ நொபிலி வந்து சேர்ந்தார். பின்னர் மிஷன் திருச்சி, தஞ்சை, மறவ நாடு எனப் பரந்து விரிந்தது. சேசு சபைக் குருக்களோ மிகச் சிலர். சுவாமியாரின் முகத்தை எப்போதோ ஒருமுறை மட்டுமே கண்ட ஊர்கள் பல.

எஞ்சிய நாள்களில் அம்மக்களைத் தாங்கியவர் யார்? உபதேசியாரே! குரு வருமுன் ஊருக்குள் சென்று செபங்களைக் கற்பித்தவர் அவர். சாகக் கிடந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் அளித்தவர் அவர். நோயாளியின் அருகமர்ந்து ஆறுதல் மொழிந்தவர் அவர். அவர்களது நல்வாழ்வுக்கென்றே வீரமாமுனிவர் 'வேதியர் ஒழுக்கம்' என்னும் நூலை இயற்றினார் என்றால், அப்பணியின் மேன்மை நமக்கு விளங்கும்.

அப்பணி ஆபத்தும் நிறைந்தது. 1686-இல் மறவ நாட்டில் புனித அருளானந்தர் பிடிபட்டபோது, உடனிருந்த உபதேசியார்களும் கட்டுண்டு வதைபட்டனர். இனி அந்நாட்டில் போதிக்கலாகாது என்ற கட்டளையோடுதான் அருளானந்தர் விடுதலை பெற்றார். சில ஆண்டுகளுக்குப்பின், மறவ குலத்து இளவரசர் தடியத்தேவர் கடும் நோயுற்று அருளானந்தரை அழைத்தார். முதலில் சென்றவர் ஓர் உபதேசியார். அவர் நற்செய்தியை வாசித்துச் செபிக்க, நோயாளி நலமடைந்தார் என்று வரலாறு கூறுகிறது.

தடியத்தேவர் 1693 ஜனவரி 6-ஆம் நாள் ஞானஸ்நானம் பெற்றார். ஒரே மனைவியோடு வாழ அவர் முடிவு செய்ததால், விலக்கப்பட்ட ஒருத்தியின் உறவினரான சேதுபதி சினங்கொண்டார். 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டுண்டது. அவ்வேதசாட்சியின் புகழை நாம் பாடுகிறோம். ஆனால், தம் இனத்தார் அடிபட்ட அதே நாட்டிற்குள், கிறிஸ்தவரல்லாத ஒரு நோயாளியைத் தேடி அஞ்சாது நடந்த அந்த உபதேசியாரை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

குருவும் அல்லாத, உபதேசியாரும் அல்லாத ஓர் இல்லறத்தாரும் இவ்வரலாற்றில் ஒளிர்கிறார். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலராகிய நீலகண்ட பிள்ளை, 1745-இல் வடக்கன்குளத்தில் சேசு சபைக் குருவிடம் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி வேற்றுமை பாராது எல்லாரோடும் பழகினார். பாடுகள் பல பட்டு 1752 ஜனவரி 14-ஆம் நாள் உயிர் துறந்தார். 2022 மே 15-ஆம் நாள் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

1773-இல் சேசு சபை கலைக்கப்பட்டது. 1814-இல் அது மீண்டும் நிறுவப்பட்டாலும், 1837-க்குப் பின்னரே சேசு சபையினர் மதுரைக்குத் திரும்பினர். குருக்கள் அருகிப்போன அந்நீண்ட இடைக்காலத்தில் விசுவாச விளக்கு அணையாது காத்ததில், உபதேசியார்களுக்கும் வீட்டில் செபத்தை விடாத தாய்மாருக்கும் பெரும் பங்குண்டு.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் பணியை வலியுறுத்தியது. 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ், உபதேசியார் பணியை ஒரு திருப்பணியாகவே நிறுவினார். ஆகவே, எல்லாம் சாமியார் பார்த்துக்கொள்வார் என்று நாம் ஒதுங்கியிருத்தல் தகாது. பெரியாஸ்பத்திரியில் துணையின்றிக் கிடப்போர், கடனில் தவிக்கும் குடும்பம், சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட அயலார் ஆகிய இவர்களை நாடிச் செல்லப் பட்டமும் வேண்டாம், பதவியும் வேண்டாம். கதவைத் தட்டும் துணிவு போதும்.

கல்லால் ஆன ஆலயத்திற்கு ஜூபிலி எடுக்கும் நாம், அப்பெயர் அறியாப் பெரியோரின் வழியில் நடப்போமாக! அவர்கள் பட்ட பாட்டிற்கு அதுவே நாம் செலுத்தும் நன்றிக்கடன்.