ஏற்பி

மாத்திரை ஒத்துவராவிட்டால் பவானிக்காரர், "ஒடம்பு ஏத்துக்கலீங்க" என்பார். அந்த 'ஏல்' என்னும் வேரில் கிளைத்ததுதான் 'ரிசெப்டர்' என்பதற்கான தமிழ்ச்சொல் ஏற்பி: ஏற்பு + இ. ஊக்கி, கடத்தி போல, செயலைச் செய்வதற்கு வந்த பெயர். ஏற்றல் என்றால் பெறுதல். மாறேற்றல் என்றால் எதிர்த்து நிற்றல். நோய் எதிர்ப்பியலுக்கு இவ்வளவு பொருத்தமான சொல் அமைந்தது நம் பேறு.

நோய் எதிர்ப்புச் செல்லான டி செல்லின் ஏற்பியில் ('டி' என்பது தைமஸ் சுரப்பியின் முதலெழுத்து) ஆல்ஃபா, பீட்டா என்ற இரு புரதச் சங்கிலிகள், பிற செல்கள் ஏந்திக் காட்டும் புரதத் துணுக்கை அடையாளம் காண்கின்றன. ஆனால் அவற்றின் வால் குட்டை. செய்தியை உள்ளே அனுப்பாது. அனுப்புவது உடனிருக்கும் சிடி3 குழு. அதன் 10 சமிக்ஞைப் பகுதிகளில் 6 ஸீட்டா சங்கிலிகளுடையவை.

இந்தச் சமிக்ஞையின் வலு செல்லின் போக்கைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு வகிக்கிறது. தைமஸில் உடலின் சொந்தப் புரதத்தை இறுகப் பற்றும் செல்களில் பல அழிக்கப்படுகின்றன. சில, பிற டி செல்களை அடக்கும் ஒழுங்குபடுத்தும் செல்களாகின்றன. இவற்றைக் கண்டறிந்தோருக்கே 2025 மருத்துவ நோபல்.

ஐஐடி பம்பாயில் உருவாகி, 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற ரத்தப் புற்றுநோய் சிகிச்சை நெக்ஸ்கார்19. அதில் டி செல்களுக்குப் பொருத்தப்படும் செயற்கை ஏற்பிக்குள் இருப்பதும் இதே ஸீட்டாதான்.