குளிர்காலத்தில் வாதி ஷாப்: குடும்பத்துடன் செல்வோர் கவனத்திற்கு

வளைகுடாவில் வசிக்கும் நம் குடும்பங்கள் ஆண்டில் பாதி நாட்களை ஏசி அறைக்குள்ளேயே கழிக்கின்றன. நவம்பர் முதல் மார்ச் வரைதான் பகலில் பிள்ளைகளை நிம்மதியாக வெளியே நடக்க வைக்க முடியும். அதற்கு ஏற்ற இடங்களில் ஒன்று ஓமானின் வாதி ஷாப்.

மழை பெய்தால் நீர் ஓடும் பள்ளத்தாக்கைத்தான் அரபியில் 'வாதி' என்கிறார்கள். மஸ்கட்டிலிருந்து சூர் செல்லும் கடற்கரை நெடுஞ்சாலையில், திவி என்ற ஊருக்கு அருகே வாதி ஷாப் கடலில் சேர்கிறது. காரில் சுமார் இரண்டு மணி நேரம். பாலத்தின் கீழே வண்டியை நிறுத்திவிட்டு, சிறு கட்டணம் கொடுத்துப் படகில் அக்கரை சேர வேண்டும். பிறகு பேரீச்சை மரங்கள், வாழைத் தோட்டங்கள், ஃபலஜ் எனப்படும் பாசன வாய்க்கால், இருபுறமும் உயர்ந்த பாறைச் சுவர்கள் என வழி நீள்கிறது. பெரியவர்கள் முக்கால் மணி நேரத்தில் பச்சை நீர்க் குளங்களை அடையலாம். சிறுவர்களுடன் சென்றால் கூடுதல் நேரம் ஆகும்.

வழியில் கூழாங்கற்களும் குறுகலான பாறை விளிம்புகளும் உண்டு. தள்ளுவண்டி உதவாது, கைக்குழந்தையை முதுகுப் பையில் சுமக்கலாம். அனைவருக்கும் வழுக்காத காலணி தேவை. குளங்களைத் தாண்டி, அருவி விழும் குகைக்குச் செல்ல நீந்தித்தான் ஆக வேண்டும். நீச்சல் தெரியாதவர்கள் குளக்கரையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. ஓமானின் வாதிகளில் அரளிச் செடி வளர்கிறது. அதன் பூவையோ இலையையோ பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது வெள்ளம். நடக்க இதமான இந்த மாதங்கள்தான் வட ஓமானில் மழை வரும் மாதங்களும்கூட. வெறும் பாறை மலை நீரை உறிஞ்சாது. தொலைவில் மலை உச்சியில் பெய்த மழை, நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே வெள்ளமாக வந்து சேரலாம். 2024 ஏப்ரலில் ஓமானைத் தாக்கிய வெள்ளத்தில் பள்ளி மாணவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர்.

ஆகவே தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஓமான் வானிலைத் துறையின் எச்சரிக்கையை முதல் நாள் இரவும் புறப்படும் காலையிலும் பாருங்கள். மலைப்பகுதிக்கு மழை அறிவிப்பு இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். படகுக்காரர்களிடமும் கேளுங்கள். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ, பொருட்களை விட்டுவிட்டு உடனே உயரமான இடத்திற்கு ஏறுங்கள். வெள்ளம் ஓடும் வாதியில் வண்டியை இறக்காதீர்கள். அவசர உதவிக்கு எண் 9999.

காலையிலேயே நடக்கத் தொடங்கினால் பிள்ளைகளை அவசரப்படுத்தாமல் போய்வரலாம். டிசம்பரில் மாலை ஐந்தரைக்குள் மஃரிப் வந்துவிடும். அதற்கு வெகு முன்பே படகுத் துறைக்குத் திரும்பிவிட வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பேரீச்சம்பழம், மாற்றுடை, குப்பைக்கு ஒரு பை எடுத்துக்கொள்ளுங்கள். இது ஊர் மக்கள் விவசாயம் செய்யும் இடம் என்பதால் உடையிலும் கண்ணியம் எதிர்பார்க்கப்படுகிறது.

அவ்வளவு தூரம் நடக்க முடியாத முதியவர்கள் உடன் வந்தால், அதே சாலையிலுள்ள ஹவியத் நஜ்ம் பூங்காவுக்குச் செல்லலாம். அங்குள்ள பெரும் பள்ளத்து நீரை மேலே நின்றபடியே பார்க்கலாம். முடிந்தவர்கள் படிக்கட்டில் இறங்கலாம்.