சின்னப் படகுக்கு மின்சாரம் வந்த கதை



திருத்தணியில் இருந்துகொண்டு படகைப் பற்றி எழுதினால் சிரிப்பீர்கள் என்று தெரியும். எங்கள் ஊரில் மலை இருக்கிறது, 365 படிகள் இருக்கின்றன, ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் வருகின்றன. கடல் மட்டும்தான் இல்லை. ஆனால் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரம் திருத்தணி என்றால், கிழக்கு ஓரம் பழவேற்காடு. இரண்டுமே ஆந்திர எல்லை ஊர்கள். திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பழவேற்காடு ஏரியை இன்றும் இரண்டு மாநிலங்களும் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. ஆக, கடலோரமும் எங்கள் மாவட்டம்தான் :)

சரி, விஷயத்துக்கு வருவோம். பழவேற்காடு போன்ற மீனவ ஊர்களின் சிறிய ஃபைபர் படகில் ஒரு விளக்கு, ஒரு பேட்டரி, கொஞ்சம் வயர், ஏதோ ஒரு கருவி என்று பார்க்கலாம். சாதாரணமாகத் தெரிகிற இந்தப் பொருட்கள் அங்கே வந்து சேர எவ்வளவு காலம் ஆனது தெரியுமா?

பெரிய கப்பலுக்கு மின்விளக்கு 1880இலேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் 'கொலம்பியா' என்ற நீராவிக் கப்பலில் எடிசனின் டைனமோவும் பல்புகளும் அந்த வருடம் பொருத்தப்பட்டன. நம் கரையில் அப்போது ஓடியது கட்டுமரம். மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டிய மிதவை அது. அலை மேலேயும் வரும், இடுக்கு வழியாகக் கீழேயிருந்தும் வரும். அதில் பேட்டரியை எங்கே வைப்பது? உட்காரும் ஆளே நனைந்துகொண்டுதான் போக வேண்டும். இருட்டில் வெளிச்சம் வேண்டுமென்றால் எண்ணெய் விளக்குதான்.

அடுத்து இன்ஜின் வந்தது. 1952இல் இந்தியா, நார்வே, ஐ.நா. மூன்றும் ஒப்பந்தம் செய்துகொண்டு கேரளாவில் நீண்டகரையை மையமாக வைத்து இந்தோ நார்வே திட்டத்தைத் தொடங்கின. இந்தியாவில் இயந்திரப் படகுகள் பரவ அது ஒரு பெரிய தூண்டுதல். 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், துறைமுகம் இல்லாமல் மணல் கரையிலேயே ஏறி இறங்கும் சிறு படகுகளை உருவாக்கிப் பார்த்தது. ஒரு விஷயம் கவனியுங்கள். சிறிய டீசல் இன்ஜினுக்கு மின்சாரமே தேவையில்லை! கைப்பிடியைச் சுழற்றினால் ஓடும். அதனால் இன்ஜின் வந்தும் பல படகுகளுக்கு மின்சாரம் வரவில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக நிறைய ஃபைபர் படகுகள் கொடுக்கப்பட்டன. பல ஊர்களில் கட்டுமரத்தின் இடத்தை அவை பிடித்தன. ஃபைபர் படகில் ஒரு மூலையாவது ஓரளவு காய்ந்து கிடக்கும். பேட்டரிக்கு அந்த இடம் போதும்.

முதல் தேவை விளக்கு. பழவேற்காட்டுக்குத் தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் பெரிய துறைமுகங்கள். இரவில் வரும் கப்பலுக்கு இருட்டில் மிதக்கும் சிறு படகு கண்ணில் படாது. 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளின்படி இன்ஜின் படகுக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, மேலே வெள்ளை விளக்கு வேண்டும். 7 மீட்டருக்குக் குறைந்த, மணிக்கு 7 கடல் மைலுக்கு மேல் ஓடாத படகுக்கு மட்டும் எல்லாப் பக்கமும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கு போதும் என்று சலுகை.

இங்கே கொஞ்சம் கணக்கு (பயப்படாதீர்கள்!). 12 வோல்ட் பேட்டரியில் 60 வாட் பல்பு எரிந்தால் 5 ஆம்பியர் ஓடும். 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் 6 மீட்டர் போய் 6 மீட்டர் திரும்பினால் வழியிலேயே சுமார் 0.7 வோல்ட் காணாமல் போகும். வீட்டில் 230 வோல்ட்டில் 0.7 போனால் யாருக்கும் தெரியாது. 12இல் போனால் வெளிச்சம் மங்கும். 6 வாட் எல்.இ.டி. போட்டால் அரை ஆம்பியர்தான், இழப்பும் பத்தில் ஒரு பங்குதான். சின்னப் படகில் இரவு முழுக்க விளக்கு எரிவது எளிதானதற்கு எல்.இ.டி. ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் கடலில் உண்மையான எதிரி உப்புதான். 1824இல் ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செம்புத் தகட்டைக் கடல் அரிப்பது ஒரு மின்வேதி வினை என்று காட்டினார். துத்தநாகத்தையோ இரும்பையோ சேர்த்து வைத்தால் அது அரிக்கப்பட்டுச் செம்பு தப்பிக்கும் என்றும் கண்டுபிடித்தார். அதே வினைதான் இன்று படகின் வயரிலும் நடக்கிறது. வீட்டு வயரைப் படகில் போட்டால் முனையில் ஏறும் ஈரம் உள்ளே ஊர்ந்து செம்பைப் பச்சையாக்கிவிடும். அதனால்தான் வெள்ளீயம் பூசிய செம்பு வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ், நீர் புகாத இணைப்பு என்று வற்புறுத்துகிறார்கள். பேட்டரி கவிழாமல் கட்டியிருக்க வேண்டும். அதற்குள் கடல்நீர் புகுந்தால் குளோரின் நச்சுவாயு கிளம்பும். பழைய நீர்மூழ்கிக் கப்பல்காரர்கள் பயந்த விஷயம் இது.

இப்போது கதையின் முக்கியமான இடம். மீனவர் ஆபத்து என்று சொல்ல, 2010 வாக்கில் இஸ்ரோ ஒரு அபாய அறிவிப்புக் கருவியைத் தந்தது. முதல் தலைமுறைக் கருவியில் செய்தி கடலிலிருந்து கரைக்கு மட்டும் போகும். 2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரி அருகே ஒக்கி புயல் வந்தபோது பிரச்சினை தலைகீழ். கரையிலிருந்து கடலுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. வயர்லெஸ் சில பத்து கிலோமீட்டருக்கு மேல் எட்டாது. முன்பே ஆழ்கடலுக்குப் போனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேர வழியில்லை. தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் நூற்றுக்கணக்கானோர் வீடு திரும்பவில்லை.

2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற கருவி அறிமுகமானது. செயற்கைக்கோள் வழியாக வரும் புயல் எச்சரிக்கையை மீனவரின் கைபேசிக்கு அனுப்பும். இது கரையிலிருந்து கடலுக்கு மட்டும். 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிராவின் பால்கரில், படிப்படியாக 1 லட்சம் படகுகளில் இரு வழியும் செய்தி போகும் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் தொடங்கப்பட்டது.

பழவேற்காடு ஏரியையும் கடலையும் பிரிக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. நம் நாட்டின் 'நாவிக்' வழிகாட்டிச் செயற்கைக்கோள்கள் 2013 முதல் அங்கிருந்துதான் கிளம்பின. ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டு மீனவர்களைக் கடலுக்குப் போகாதீர்கள் என்று நிறுத்திவைப்பார்கள். அவர்கள் ஒரு நாள் வருமானத்தை விட்டுக் கொடுத்துத்தான் அவை வானத்துக்குப் போயிருக்கின்றன!

அந்த உயரத்திலிருந்து எச்சரிக்கை சுமார் 36,000 கிலோமீட்டர் தாண்டிப் படகு வரை வந்துவிடும். கருவியோ, அதைக் காட்டும் கைபேசியோ சார்ஜ் இல்லாமல் கிடந்தால் அவ்வளவு தூரம் வந்ததும் வீண். கருவி கொடுப்பதோடு அரசின் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. நல்ல வயர், ஃப்யூஸ், அதைப் பழுது பார்க்கக் கரையிலேயே பயிற்சி பெற்ற ஒருவர், இவையும் சேர்ந்தால்தான் அது பாதுகாப்பு. பேட்டரியிலிருந்து கருவி வரைக்குமான கடைசி இரண்டு மீட்டரில்தான் ஓர் உயிர் தொங்கிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் நண்பர்களே?