பயிற்சியிலிருந்து பட்டத்துக்கு: அமெரிக்காவில் அவசரநிலை, பாதுகாப்புப் பயிற்சிகளுக்குக் கல்லூரி மதிப்பலகு வழங்கப்பட்ட வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் தீயணைப்பு, காவல், பேரிடர் மீட்பு ஆகிய பணிகளில் இருப்போர் அரசு நடத்தும் பயிற்சிகளை முடித்து, அவற்றுக்கு ஈடாகக் கல்லூரிகளில் மதிப்பலகு பெறும் நடைமுறை முக்கால் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உடையது. இக்கட்டுரை முதல் உலகப்போருக்குப் பிந்தைய காலம் முதல் அண்மைக்காலம் வரை அந்நடைமுறை உருவான விதத்தை ஆராய்கிறது. ஒரு பயிற்சியை அரசு ஏற்பது வேறு, கல்லூரி ஏற்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையில் ஆசிரியர்களின் மதிப்பீடு நின்ற இடங்களிலேயே பயிற்சிக்குரிய மதிப்பலகு நிலைபெற்றது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மதிப்பலகு மாற்றம், அவசரநிலை மேலாண்மை, அமெரிக்கக் கல்வி மன்றம், எமிட்ஸ்பர்க், தொழிற்பயிற்சி, தர அங்கீகாரம்

முன்னுரை

கிரெடிட் என வழங்கப்படும் மதிப்பலகு, மாணவர் கற்ற அளவைக் காலத்தால் அளந்து குறிக்கும் ஓர் அலகாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்னகி அறக்கட்டளையின் முயற்சியால் இவ்வலகு அமெரிக்கக் கல்வியில் வேரூன்றியது. ஒரு கல்லூரியில் ஈட்டிய மதிப்பலகை மற்றொரு கல்லூரி ஏற்றுக்கொள்வதே மதிப்பலகு மாற்றம். கற்றல் கல்லூரிக்கு வெளியே நிகழ்ந்திருப்பின் அதனை எவ்வாறு அளப்பது, யார் அளப்பது என்னும் வினாக்கள் இங்கு எழுகின்றன.

இவ்வினாக்கள் அமெரிக்காவில் கூர்மை பெற்றதற்கு அந்நாட்டின் கல்வி அமைப்பே காரணம் எனலாம். கல்வி பற்றிய அதிகாரம் கூட்டாட்சி அரசியலமைப்பில் குறிக்கப்படாமையால் அது மாநிலங்களுக்குரியதாயிற்று. கல்லூரிகளின் தரத்தை ஆராய்ந்து அங்கீகரிக்கும் பணியை அரசு சாராத கல்விச் சங்கங்கள் மேற்கொண்டன. எனவே கூட்டாட்சி அரசு ஒரு பயிற்சியை வடிவமைக்கலாம், நடத்தலாம், சான்றிதழும் வழங்கலாம். ஆயின் அச்சான்றிதழைக் கல்லூரி மதிப்பலகாக மாற்றும் உரிமை அதனிடம் இல்லை.

மொத்த மதிப்பலகும் தனி மதிப்பீடும்

அமெரிக்கக் கல்வி மன்றம் 1918இல் தோன்றியபோது ‘அவசரநிலைக் கல்வி மன்றம்’ என்றே பெயர் பெற்றிருந்தது. போர்க்காலத் தேவையே அதன் தோற்றத்துக்குக் காரணமாகும். முதல் உலகப்போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்குப் பல கல்லூரிகள், அவர்கள் என்ன கற்றனர் என்பதைப் பாராமல், படையில் பணியாற்றினர் என்பதற்காகவே மொத்தமாக மதிப்பலகு வழங்கின. நன்றியுணர்வின் வெளிப்பாடாகிய இச்செயல் கல்வியாளரிடையே கடுங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அடிப்படை அறிவின்றி உயர்நிலை வகுப்பில் அமர்த்தப்பட்ட வீரருக்கும் அதனால் நன்மை விளையவில்லை.

இரண்டாம் உலகப்போரின்போது இப்பட்டறிவு வழிகாட்டியது. 1944ஆம் ஆண்டு ஜூன் 22இல் கையொப்பமான படைவீரர் மறுவாழ்வுச் சட்டம் உயர்கல்வியின் கதவுகளை அகலத் திறந்தது. 1947இல் கல்லூரிச் சேர்க்கையில் 49 விழுக்காட்டினர் முன்னாள் படைவீரராயிருந்தனர். இப்பெருக்கத்தை எதிர்கொள்ள, படைப்பயிற்சிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து மதிப்பலகு பரிந்துரைக்கும் ஆணையம் ஒன்றைக் கல்வி மன்றம் 1945இல் அமைத்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் டட்டில் தலைமையில் உருவான வழிகாட்டி நூல் கல்லூரிப் பதிவாளர்களின் கைநூலாயிற்று. பணிக்காலத்துக்கு அன்று, கற்றலுக்கே மதிப்பு என்னும் கொள்கை அதன்வழி நிலைபெற்றது. பிற்காலத்தில் அவசரநிலைப் பயிற்சிகளுக்கு வழங்கப்பட்ட மதிப்பலகு அனைத்தும் இக்கொள்கையின் வழிவந்தவையே.

மூன்று வழிகள்

1970களில் அரசுப் பயிற்சி கல்லூரி மதிப்பலகாக மாறுவதற்கு மூன்று வழிகள் உருவாயின.

முதலாவது, பல்கலைக்கழகத்தை உடன்வைத்து நடத்துதல். 1935இல் தோன்றிய கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையின் தேசியப் பயிலகம், காவல் அதிகாரிகளுக்குப் பயிற்சியளித்து வந்தது. 1972இல் குவாண்டிகோவில் அதன் புதிய வளாகம் திறக்கப்பட்ட காலத்தில் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்துடன் உறவு ஏற்பட்டது. பயிலகத்தில் நடக்கும் பாடங்களுக்கு அப்பல்கலைக்கழகமே மதிப்பலகு வழங்கியது. வகுப்பறை அரசினுடையது, கல்விப் பொறுப்போ பல்கலைக்கழகத்தினுடையது.

இரண்டாவது, பயிற்சி நிறுவனமே கல்லூரியாதல். 1972இல் தொடங்கப்பட்ட வான்படைச் சமுதாயக் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் அதிகாரத்தை 1976இல் நாடாளுமன்றம் சட்டத்தால் அளித்தது. அச்சட்டத்தோடு தர அங்கீகாரமும் தேவைப்பட்டது என்பது நோக்கத்தக்கது. இவ்வழி அரிதானது, பெரும் நிறுவனங்களுக்கே இயன்றது.

மூன்றாவது, பரிந்துரை. 1974இல் அமெரிக்கக் கல்வி மன்றமும் நியூயார்க் மாநிலக் கல்வி ஆட்சிக்குழுவும் இணைந்து, கல்லூரி அல்லாத நிறுவனங்கள் நடத்தும் பயிற்சிகளை மதிப்பிடும் திட்டத்தைத் தொடங்கின. கல்லூரி ஆசிரியர் குழு ஒன்று பாடத்திட்டம், கற்றல் நோக்கம், தேர்வு முறை, பயிற்றுநர் தகுதி ஆகியவற்றை ஆராயும். அப்பயிற்சி இத்துறையில், இந்நிலையில், இத்தனை பருவ மணிநேரத்துக்கு ஈடாகும் எனப் பரிந்துரைக்கும். ஏற்பதும் மறுப்பதும் சேரும் கல்லூரியின் உரிமை. தேசியத் தீயணைப்புப் பயிலகம், டெக்சாஸ் ஏ அண்டு எம் பொறியியல் விரிவாக்கப் பணியகம் முதலியவற்றின் பயிற்சிகள் இவ்வழியில் மதிப்பலகுப் பரிந்துரை பெற்றன.

ஷெர்மன் குழுவின் மறுப்பு

இவ்வளர்ச்சி எதிர்ப்பின்றி நடந்ததன்று. 1968ஆம் ஆண்டுக் குற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் காவலர் உயர்கல்விக்குக் கூட்டாட்சி நிதி கிடைத்தது. நிதியை நாடிப் பல கல்லூரிகள் காவல் பாடப்பிரிவுகளைத் தொடங்கின. காவல் பயிற்சிப் பள்ளியில் கற்றதையே கல்லூரிப் பாடமாகக் கணக்கிடும் வழக்கமும் பரவியது. இதனை ஆராய்ந்த லாரன்ஸ் ஷெர்மன் சார்ந்த தேசிய ஆலோசனைக் குழு 1978இல் அறிக்கை வெளியிட்டது. காவல் துறைப் பயிற்சியில் கலந்துகொண்டமைக்காகக் கல்லூரி மதிப்பலகு வழங்கலாகாது என அது பரிந்துரைத்தது.

இம்மறுப்பை உழைப்பாளரின் அறிவை இகழும் மேட்டிமைக் குரலாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. பயிற்சி, வரையறுக்கப்பட்ட பணியைப் பிழையின்றிச் செய்யப் பழக்குவது. கல்வி, அப்பணி ஏன் அவ்வாறு வரையறுக்கப்பட்டது என வினவப் பழக்குவது. காவலருக்குக் கல்லூரி தேவை என்னும் கோரிக்கை இரண்டாவதை முன்வைத்தே எழுந்தது. முதலாவதையே கல்லூரிப் பாடமாக எண்ணிவிட்டால் கோரிக்கையின் நோக்கம் சிதையும். எனினும் பயிற்சி அனைத்தையும் ஒரே தட்டில் வைத்து மறுப்பது, அனைத்தையும் மொத்தமாக ஏற்ற முதல் உலகப்போர்க் காலப் பிழையின் மறுபக்கமே எனலாம். இரண்டிலும் தனித்தனியாக ஆராயும் உழைப்பு தவிர்க்கப்படுகிறது.

எமிட்ஸ்பர்க்: கல்லூரி வளாகத்தில் பயிற்சிக்கூடம்

குடிமைப் பாதுகாப்புக்கான தேசியப் பயிற்சிக் கல்லூரி 1951இல் மேரிலாந்து மாநிலத்தின் ஓல்னியில் தொடங்கி, 1954இல் மிச்சிகனின் பேட்டில் கிரீக்குக்கு மாறியது. அணுகுண்டுத் தாக்குதலிலிருந்து மக்களைக் காத்தலே அதன் அக்காலப் பாடம். 1979இல் கூட்டாட்சி அவசரநிலை மேலாண்மை முகமையாகிய ஃபீமா உருவானபோது, சிதறிக்கிடந்த பணிகள் ஒன்றிணைந்தன. அதே ஆண்டில் மேரிலாந்தின் எமிட்ஸ்பர்க்கில் இருந்த புனித ஜோசப் கல்லூரி வளாகத்தை அரசு வாங்கியது. 1809இல் அவ்வூருக்கு வந்த எலிசபெத் ஆன் சீட்டன் நிறுவிய பெண்கள் பள்ளியின் வழிவந்த அக்கல்லூரி 1973இல் மூடப்பட்டிருந்தது. தேசியத் தீயணைப்புப் பயிலகமும் அவசரநிலை மேலாண்மை நிறுவனமும் அவ்வளாகத்தில் அமைந்தன. பட்டம் வழங்கிய வளாகம் பட்டம் வழங்க இயலாத பயிற்சிக்கூடமாயிற்று.

இவ்விடைவெளியை நிரப்பும் முயற்சிகள் இரு திசைகளில் நடந்தன. ஒன்று, பல்கலைக்கழகங்களே இத்துறையைப் பாடமாக ஏற்பது. 1983இல் வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகம் அவசரநிலை நிருவாகத்தில் இளநிலைப் பட்டத்தைத் தொடங்கி முன்னோடியாயிற்று. 1994இல் ஃபீமா தொடங்கிய உயர்கல்வித் திட்டம், ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு பட்டப்படிப்பேனும் அமைய ஊக்குவித்தது. மற்றொன்று, அரசுப் பயிற்சியைக் கல்லூரி மதிப்பலகாக மாற்றித் தருவது. ஃபீமாவின் தன்கற்றல் பாடங்கள் கட்டணமற்றவை. அவற்றை முடித்தோர் உரிய கட்டணம் செலுத்தி மதிப்பலகு பெற எமிட்ஸ்பர்க் அமைந்த அதே மாவட்டத்தின் ஃபிரெடரிக் சமுதாயக் கல்லூரி வழிசெய்தது. பாடம் இலவசம், அது கல்விப் பதிவேட்டில் ஏறுவதற்கே விலை.

2001க்குப் பின்: பெருக்கமும் சுருக்கமும்

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அவசரநிலைப் பயிற்சியும் பாதுகாப்புப் பயிற்சியும் ஒரே குடைக்கீழ் வந்தன. 2002இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கான சட்டம் நிறைவேறியது. 2003 பிப்ரவரி 28இல் வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின்படி 2004 மார்ச் மாதத்தில் தேசிய நிகழ்வு மேலாண்மை முறை அறிவிக்கப்பட்டது. மாநிலங்களும் உள்ளாட்சிகளும் அம்முறையைப் பின்பற்றுதல் கூட்டாட்சி நிதி பெறுவதற்கான நிபந்தனையாயிற்று. இதனால் இணையவழி அடிப்படைப் பாடங்களைப் பயில்வோர் தொகை பெருகியது.

பெருக்கத்தின் உடன்விளைவு சுருக்கம். நிகழ்வுக் கட்டளை முறையின் அறிமுகப் பாடம் ஏறத்தாழ 2 மணிநேரத்தில் முடியக்கூடியது. இத்தகைய பாடங்களுக்கு ஃபீமா வழங்குவது தொடர்கல்வி அலகு. 10 தொடர்பு மணிநேரம் கொண்டது ஓர் அலகு. கல்லூரி மதிப்பலகோ, 2011இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி வரையறையின்படி, வாரத்துக்கு 1 மணிநேர வகுப்பும் குறைந்தது 2 மணிநேரப் புறக்கல்வியுமாக ஏறத்தாழ 15 வாரம் நீள்வது. மொத்தம் 45 மணிநேர உழைப்பு. பெயரளவில் இரண்டும் அலகே. ஆயின் தொடர்கல்வி அலகைக் கல்லூரி மதிப்பலகு என எண்ணி மயங்கிய பயிற்சியாளர், கல்லூரி வாயிலிலேயே உண்மையை அறிய நேர்ந்தது.

அதே காலத்தில் போலிப் பட்ட நிறுவனங்கள் பற்றிய கவலையும் வளர்ந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2004இல் நடத்திய ஆய்வில், அங்கீகாரமற்ற 3 நிறுவனங்களின் பதிவுகளில் மட்டும் 463 கூட்டாட்சி ஊழியரின் பெயர்கள் காணப்பட்டன. பணி அனுபவத்தைப் பணத்துக்கு ஈடாகப் பட்டமாக்குவதே இத்தகைய நிறுவனங்களின் வழக்கம். இதனால் முறையாக மதிப்பிடப்பட்ட பயிற்சிகளும் ஐயத்துக்கு உள்ளாகும் சூழல் உருவாயிற்று.

பரிந்துரையும் உரிமையும்

1978இல் அமெரிக்கக் கல்வி மன்றம் முதலிய அமைப்புகள் மதிப்பலகு மாற்றம் குறித்துக் கூட்டறிக்கை வெளியிட்டன. கற்றலின் தரம், சேரும் கல்லூரிப் பாடத்தோடு அதற்குள்ள ஒப்புமை, மாணவர் பயிலும் பட்டப்படிப்புக்கு அதன் பொருத்தம் ஆகிய மூன்றும் கருதப்பட வேண்டும் என்பது அதன் சாரம். மூன்றாவதே நடைமுறையில் பெருந்தடையாகிறது. ஒரு தீயணைப்பு வீரரின் பயிற்சி தரமுடையதாய், ஒப்புமை உடையதாய் இருந்தும், அவர் பயிலும் படிப்பில் அதற்கு இடமில்லையெனில் விருப்பப்பாடக் கணக்கில் மட்டும் அது சேரும். பதிவேட்டில் மதிப்பலகு இருக்கும். பட்டத்தை நெருங்க அது உதவாது.

முறையான கல்லூரிகளுக்கிடையே கூட இம்மாற்றம் எளிதன்று. 2017இல் வெளியான தணிக்கை அலுவலக அறிக்கை, கல்லூரி மாறிய மாணவர்கள் தாம் ஈட்டிய மதிப்பலகுகளில் ஏறத்தாழ 43 விழுக்காட்டை இழந்ததாக மதிப்பிட்டது. கல்லூரியில் கற்றதற்கே இந்நிலையெனில், பயிற்சிக்கூடத்தில் கற்றதன் நிலை எளிதில் உய்த்துணரத்தக்கது. அமெரிக்கத் தீயணைப்பாளரில் பெரும்பான்மையோர் ஊதியம் பெறாத தன்னார்வலர் ஆவர். தம் ஓய்வுநேரத்தைப் பயிற்சிக்கு ஈந்த அவர்களுக்கு மதிப்பலகு இழப்பு என்பது காலமும் பொருளும் இழப்பதாகும்.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன.

1. அரசின் ஏற்பு, ஒரு பயிற்சி பணிக்குத் தகுதியானது என்பதைக் காட்டுகிறது. அது கல்லூரிப் பாடத்துக்கு ஈடானது என்பதைக் காட்டுவதில்லை. இவ்வேறுபாட்டைப் பயிற்சியில் சேருமுன் தெரிவிக்க வேண்டிய கடமை பயிற்சி நடத்துவோருக்கு உண்டு.

2. மொத்தமாக ஏற்றலும் மொத்தமாக மறுத்தலும் ஒருங்கே தோல்வியுற்றன. டட்டில் வழிகாட்டி முதல் 1974ஆம் ஆண்டுத் திட்டம் வரை நிலைத்தவை யாவும், பயிற்சியைப் பாடம்தோறும் ஆராய்ந்த ஆசிரியர்களின் உழைப்பால் நிலைத்தவை.

3. பரிந்துரை வழி பரவலானது, ஆயின் உறுதியற்றது. பல்கலைக்கழகம் பாடத்துக்குத் தொடக்கத்திலேயே பொறுப்பேற்ற குவாண்டிகோ முறையில், மதிப்பலகு பின்னர் இரந்து பெறும் பொருளாக இருக்கவில்லை.

இடிபாட்டில் சிக்கியவரை மீட்கக் கற்றவரின் அறிவு, கல்லூரி அதனை ஏற்காமையால் குறைந்துவிடுவதில்லை. எனினும் பதவி உயர்வும் ஊதியமும் பட்டத்தைச் சார்ந்துள்ள சமூகத்தில், அவ்வறிவை நேர்மையாக அளந்து கூறும் பொறுப்பு கல்விக்கூடங்களுக்கே உரியது என்பது இவ்வரலாற்றால் தெளிவாகிறது.