ட்ரைசெப்ஸ்: எடைப்பயிற்சியில் முத்தலைத் தசை

கை பருக்க வேண்டும் என்று ஜிம்முக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பைசெப்ஸைத்தான் வதைக்கிறார்கள். ஆனால் மேற்கையின் பருமனில் பெரும்பங்கு பின்புறத்து ட்ரைசெப்ஸுடையது.

முழங்கையை நீட்டுவதே இதன் முதன்மை வேலை. இதன் மூன்று தலைகளில் வெளித்தலையும் உள்தலையும் மேற்கை எலும்பில் தொடங்குகின்றன. நீள்தலை மட்டும் தோள்பட்டை எலும்பிலிருந்து இறங்குகிறது. ஆகவே கையைத் தலைக்கு மேல் தூக்கினால் நீள்தலை நன்றாக இழுபடும்.

இந்த இழுபடுதலுக்குப் பலன் உண்டா? ஜப்பானின் சுமியாக்கி மாயோ குழுவினர் 2022-இல் வெளியிட்ட ஆய்வு தெளிவான விடை தருகிறது. 21 பேர், 12 வாரம், வாரத்துக்கு இருமுறை. ஒரு கைக்குத் தலைக்கு மேலும் மறு கைக்கு உடலோடு ஒட்டியும் கேபிள் பயிற்சி. தலைக்கு மேல் உழைத்த கையின் ட்ரைசெப்ஸ் சுமார் 20 சதவீதம் வளர்ந்தது; மற்றது 14 சதவீதம்தான். இத்தனைக்கும் தலைக்கு மேல் தூக்கிய எடை குறைவு!

டிப்ஸ், நெருக்கப் பிடி பெஞ்ச் பிரஸ், நம் தண்டால் ஆகியவையும் இத்தசைக்கு உகந்தவை. முழங்கை வலித்தால் எடையைக் குறையுங்கள். வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.