பெரியாற்றுப் புனலும் மின்னாக்க உரிமையும்

கம்பம் பள்ளத்தாக்கில் சின்னமனூரை அடுத்து அமைந்த ஊர் குச்சனூர். அவ்வூர்ச் சனீசுவரர் கோயிலின் முன் ஓடும் நீரைச் சுரபி நதி என மக்கள் வழங்குவர். ஆடித் திங்கட் சனிக்கிழமைகளில் அடியார் பலர் அந்நீரில் ஆடி வழிபடுவர். ஊரைச் சூழ்ந்த பள்ளத்தாக்கின் வயல்களை வளம்படுத்துவது முல்லையாறு. மேற்குமலைக்கு அப்பாலிருந்து கொணரப்பெற்ற பெரியாற்று நீரே அதன் பெருக்கிற்குக் காரணமாகும். இந்நீர் வயலை எய்துமுன் மலையடியில் மின்சாரத்தைத் தந்துவிட்டே வருகின்றது. மின்சாரம் தந்ததனால் அதன் அளவு குறைவதும் இல்லை. அங்ஙனமாயின், பாசனத்தின் பொருட்டுப் பெற்ற நீரினின்று மின்சாரம் எடுக்கும் உரிமை அப்பேற்றுள் அடங்குமா? அன்றி, அதற்கு வேறோர் உரிமை வேண்டுமா? இவ்வினா பற்றி எழுந்த வழக்கின் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

1886 ஆம் ஆண்டு அக்டோபர் 29 ஆம் நாள் திருவிதாங்கூர் அரசும் சென்னை அரசின் சார்பில் இந்தியாமந்திரியும் குத்தகை உடன்படிக்கை செய்துகொண்டனர். காலம் 999 ஆண்டு. நிலம் ஏறத்தாழ 8,000 ஏக்கர். ஆண்டு வாரம் ஏக்கருக்கு 5 ரூபாய். பென்னிகுயிக் என்னும் பொறியாளர் பொறுப்பில் அணைப்பணி நடைபெற்று, 1895 ஆம் ஆண்டில் திறப்புவிழாக் கண்டது. அரபிக்கடலை நோக்கி ஓடிய ஆற்றைத் தடுத்து, மலையைக் குடைந்த சுருங்கை வழியே கிழக்கே திருப்பியது இத்திட்டம். மதுரைச் சீமையின் வறட்சியைப் போக்குதலே அன்று கருதப்பட்ட பயன். அக்காலத்தில் நீரினின்று மின்சாரம் பெறுதல் உலகிற்கே புதுமையாய் இருந்தது. ஆதலின் உடன்படிக்கையில் அது தனியே பேசப்படாமை வியப்பன்று.

நீர் மின்சாரமாகும் முறையைச் சிறிது காண்போம். உயரத்தில் தேங்கிய நீர் குழாய்களின் வழியே வீழும்போது விசை பெறுகின்றது. அவ்விசை சுழலியின் சக்கரத்தைச் சுழற்றுகின்றது. சுழலியோடு ஒரே அச்சில் இணைந்த மின்னாக்கியில் காந்தம் சுழல, கம்பிச் சுருள்களில் மின்னோட்டம் பிறக்கின்றது. வினாடிக்கு ஒரு கன அடி நீர் 1,000 அடி வீழுமாயின் ஏறத்தாழ 113 குதிரைத்திறன், அஃதாவது 84 கிலோவாட்டு, உண்டாகும் எனக் கணக்கிடலாம். உராய்வு முதலியவற்றால் இதில் ஒரு பகுதி கழியும். இங்குச் செலவாவது நீரன்று, நீரின் உயரமே. பெரியாற்று நீர் மலையினின்று பள்ளத்தாக்கிற்கு இறங்கும் வீழ்ச்சியோ 1,000 அடிக்கும் மிகுதி.

1930களில் பைக்காராவும் மேட்டூரும் மின்சாரம் தரத் தொடங்கிய பின்னர், இவ்வீழ்ச்சி வீணாவதைச் சென்னை அரசு எண்ணியது. குத்தகை பெற்ற நீரை எவ்வகையிலும் பயன்படுத்தலாம் என்பது அதன் வாதம். பாசனத்திற்கன்றி வேறொன்றிற்கும் நீர் வழங்கப்படவில்லை என்பது திருவிதாங்கூரின் மறுப்பு. நடுவர் இருவரும் கருத்து வேறுபட, வழக்கு தலைமை நடுவரான சர் நளினி ரஞ்சன் சாட்டர்ஜியிடம் சென்றது. 1941 ஆம் ஆண்டு மே 12 ஆம் நாள் அவர் அளித்த தீர்ப்பு திருவிதாங்கூருக்குச் சார்பாயிற்று. நீர் குறையாமை உரிமைக்குச் சான்றாகாது என்பது இதனாற் பெறப்படும்.

விடுதலைக்குப் பின் இரு மாநிலங்களும் பேசி இணங்கின. லோயர்கேம்பில் மின்நிலையம் எழுந்தது. 1958 இல் முதற்பொறி இயங்கிற்று. 1965 இல் நான்காம் பொறியும் சேர, மொத்தத் திறன் 140 மெகாவாட்டு ஆயிற்று. எனினும் எழுத்து வடிவான முழு ஒப்பந்தம் 1970 ஆம் ஆண்டு மே 29 ஆம் நாளிலேயே கையெழுத்தாயிற்று. அது 1954 முதற்கொண்டே செல்லுமாறு அமைந்தது. நிலவாரம் ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. மின்சாரத்திற்குத் தனிக்கட்டணமும் கேரளத்திற்கு உரியதாயிற்று.

ஒரே நீருக்கு இரண்டு கட்டணமா எனச் சிலர் வினவலாம். வழங்கப்பட்டவை இரண்டு உரிமைகள் என்பதே விடை. ஒன்று நீரைப் பற்றியது. மற்றொன்று அதன் வீழ்ச்சியைப் பற்றியது. இவை காலத்தாலும் மாறுபடும். உழவர் பருவம் நோக்கி நீர் கேட்பர். விளக்கோ ஆண்டு முழுதும் மின்சாரம் கேட்கும். பள்ளத்தாக்கில் இருபோகம் விளையும் 14,707 ஏக்கருக்கும் அதற்கப்பாலுள்ள பாசனத்திற்கும் திறக்கும் நீரைச் சார்ந்தே மின்நிலையம் இயங்க வேண்டியுள்ளது. 1959 இல் திறக்கப்பெற்ற வைகை அணை, மின்நிலையத்தைக் கடந்து வரும் நீரைத் தேக்கி வைத்தலால் இம்முரணை ஓரளவு தணிக்கின்றது.

குச்சனூருக்கு அண்மையிலுள்ள சின்னமனூரிற் கிடைத்த பாண்டியர் செப்பேடுகளைப் பயில்வோர், கொடையின் எல்லையையும் உடன்சென்ற உரிமைகளையும் சொல் தவறாது ஆராய்தல் வழக்கம். அக்கூர்மை 1886 ஆம் ஆண்டு ஆவணத்திற்கும் வேண்டும். கொடுத்தவன் கருதாத பயனைக் கொண்டவன் பின்னர்க் காணின், அது யாருடையது? செப்பேட்டிற்கும் குத்தகைச் சீட்டிற்கும் பொதுவான வினா இது. பெரியாற்றில் அதற்கு விடை காணத் தீர்ப்பு ஒன்று மட்டும் போதவில்லை. இரு தரத்தாரும் மீண்டும் அமர்ந்து புதிய சொற்களை எழுதவேண்டியதாயிற்று. அச்சொற்கள் எழுதப்பட்டமையாலேயே, மலையடியில் மின்சாரம் தரும் அந்நீர், குறைவின்றிப் பள்ளத்தாக்கின் வயல்களையும் எய்துகின்றது என்க.