லிண்ட்பெர்க்கைக் கரை சேர்த்த வால்வு

விமான எஞ்சின் வேலையில் சேர்ந்திருக்கும் பழைய மாணவன் ஒருவன், "யாரைப் பற்றிப் படிக்கலாம் சார்?" என்று கேட்டிருந்தான். சாம் ஹெரானைப் படி என்றேன். பலருக்கும் தெரியாத பெயர் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

1927 மே மாதம் லிண்ட்பெர்க் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தனியாளாக, எங்கும் இறங்காமல், 33 மணி நேரத்துக்கு மேல் பறந்தார். ஒரே எஞ்சின், கீழே அட்லாண்டிக் கடல். அந்த ரைட் வேர்ல்விண்ட் ஜே-5 எஞ்சினின் சிலிண்டர் வடிவமைப்பு ஹெரானுடையது. இங்கிலாந்துக்காரர். முதல் உலகப்போரின்போது ஃபார்ன்பரோவில் பேராசிரியர் கிப்சனோடு காற்றால் குளிரும் சிலிண்டர்களை ஆராய்ந்தவர். 1921இல் அமெரிக்கா போனார்.

அன்றைய எஞ்சின்களின் பெரிய தலைவலி, புகை வெளியேறும் வால்வு. தணலாய்ப் பழுத்துவிடும். பழுத்தால் தீப்பொறி வருமுன்பே எரிபொருளைப் பற்றவைக்கும். சில சமயம் உடைந்தே போகும். ஹெரான் வால்வின் தண்டைக் குடைந்து, உள்ளே உருகும் பொருளை அடைத்தார். பாதரசம், உப்புக் கலவை என்று முயன்று சோடியத்துக்கு வந்தார். ஆய்வகத்தில் மண்ணெண்ணெய்க்குள் வைத்திருப்போமே, தண்ணீர் பட்டால் சீறிப் பாயுமே, அதே சோடியம்தான்! 98 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். குழியை முழுக்க நிரப்பக்கூடாது. குலுங்க இடம் வேண்டும். வால்வு மேலும் கீழும் ஆடும்போது உருகிய சோடியமும் ஆடி, தலையின் சூட்டைத் தண்டுக்குக் கொண்டுவரும். அங்கிருந்து சிலிண்டருக்குப் போய், வெளிக்காற்றில் கலந்துவிடும். வெப்பச்சலனத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வால்வு சரியானதும் அடுத்த தடை பெட்ரோல். அதிகம் அழுத்தினால் தானே வெடித்து எஞ்சினைத் தட்டும். பிற்பாடு எதில் நிறுவனத்தில் சேர்ந்து எரிபொருள் ஆய்வைத் தொடர்ந்தார். ஆக்டேன் எண் 87இலிருந்து 100க்கு ஏறியதன் பலனை 1940இல் பிரிட்டன் கண்டது. ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சினில் கூடுதல் அழுத்தம் கொடுத்து, கூடுதல் வேகம் பெற முடிந்தது.

ஆனால் எதில் விற்ற சரக்கு ஈயம் கலந்தது. 1924இலேயே நியூஜெர்சி ஆலை ஒன்றில் அதைத் தயாரித்த தொழிலாளிகள் ஐவர் இறந்தார்கள். ஆபத்து தெரிந்தேதான் உலகம் அதை ஏற்றுக்கொண்டது என்பது என் எண்ணம். நம் நாட்டு வண்டிகளுக்கு ஈயமற்ற பெட்ரோல் முழுமையாக வர 2000 ஆனது. சிறிய பிஸ்டன் விமானங்கள் பலவற்றில் இன்றும் ஈயம் கலந்த பெட்ரோல்தான் ஊற்றுகிறார்கள்.